பெற்றோருக்கு மனநோய் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. பைபோலார், அதாவது மனநிலை எல்லை மீறி ஏறி இறங்கும் நோய், இருந்த அம்மாவிடம் வளர்ந்தவள். பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன், என்னைப் போல வளர்ந்தவர்கள் பலரிடம் பேசினேன். நோயின் பெயர் வேறாக இருந்தாலும், வீடு வேறாக இருந்தாலும், எல்லாரும் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளில்தான் வந்து நிற்கிறோம். எங்களில் பலரை நோயைவிட அதிகமாகப் படுத்தியது, வீட்டில் அதைப் பற்றி யாரும் வாயே திறக்காமல் இருந்ததுதான். அதனால் இங்கே பட்டும் படாமலும் பேசப் போவதில்லை.

எங்கள் வீட்டில் இருந்தது மனநோய்தானா என்றே எனக்குத் தெரியாது. எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலான வீடுகளில் பெயர் சொல்லியிருக்க மாட்டார்கள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை", "அப்பாவுக்கு டென்ஷன்", "அவர் சுபாவமே அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். தூரத்தில் இருந்துகொண்டு, அதுவும் சிறுவயது ஞாபகத்தை வைத்து, யாரும் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் சில விஷயங்கள் தனியாகத் தெரியும். வாரக்கணக்கில் படுக்கையைவிட்டு எழாமல், குளிக்காமல், எதிலும் ஆசையில்லாமல் கிடந்தாரா? அது மனச்சோர்வாக இருக்கலாம். ராத்திரி இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு களைப்பே இல்லாமல் பேசிக்கொண்டே இருந்து, இருக்கும் காசையெல்லாம் ஏதோ பெரிய திட்டத்தில் கொட்டிவிட்டு, பிறகு சில மாதங்களில் அப்படியே சுருண்டு படுத்தாரா? இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார், ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இல்லாத குரலுக்குப் பதில் சொன்னார், யாரோ கண்காணிக்கிறார்கள் என்று ஜன்னல்களை எல்லாம் மூடினார் என்றால் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் கடுமையான மனச்சோர்விலும் பைபோலாரிலும்கூடக் குரல் கேட்பதுண்டு, அதனால் இதை வைத்தே முத்திரை குத்திவிட வேண்டாம்.

பழைய மருந்துச் சீட்டு எங்காவது கிடைத்தால் பாருங்கள். லித்தியம், ஓலான்சபின், ரிஸ்பெரிடோன் மாதிரிப் பெயர்கள் இருந்தால் ஏதோ ஒரு மனநல டாக்டர் எப்போதோ பார்த்திருக்கிறார் என்று ஊகிக்கலாம், ஆனால் ஒரே மாத்திரையைப் பல நோய்களுக்கும் கொடுப்பார்கள். வீட்டுக்கு நெருக்கமான ஒரு பெரியவரிடம் "அப்போது உண்மையில் என்ன நடந்தது?" என்று தனியாகக் கேட்டுப்பாருங்கள். ஆச்சரியமாக இருக்கும், பல பேர் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள். பெயர் கடைசிவரை கிடைக்காவிட்டாலும், உங்களுக்கு நடந்தது நடந்ததுதான். அதை நம்ப டாக்டர் சீட்டு தேவையில்லை.

என்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனதா?

இல்லை. குழந்தையின் குறும்போ, மார்க்கோ, அழுகையோ யாருக்கும் மனச்சிதைவையோ பைபோலாரையோ கொண்டுவராது. மரபணு, மூளை, வாழ்க்கையில் பட்ட அடிகள், தூக்கம், சில சமயம் போதைப்பொருள் என்று பல விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்துதான் இந்த நோய்கள் வருகின்றன.

இதில் மிகக் கொடுமையான வடிவம் ஒன்று உண்டு: "நீ பிறந்த பிறகுதான் இவளுக்கு இப்படி ஆச்சு" என்று ஒரு சொந்தக்காரர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவது. பிரசவத்துக்குப் பிறகு வரும் தீவிர மனநிலைப் பிறழ்வு என்பது நிஜமான ஒரு நோய்நிலை. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் வரும், ஏற்கெனவே பைபோலார் இருக்கும் பெண்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு அதிகம். ஹார்மோன் சரிவும் தூக்கமின்மையும் ஏற்கெனவே உள்ள மரபுச் சாய்வும் சேர்ந்து அந்த நேரத்தில் தாக்குகின்றன. நீங்கள் பிறந்த தேதியும் நோய் வந்த தேதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

வீட்டில்தான் இப்படிப் பழி போடுவார்கள் என்றில்லை. படித்த டாக்டர்களும் போட்டிருக்கிறார்கள். 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், தாயின் வளர்ப்புதான் பிள்ளைக்கு மனச்சிதைவைக் கொண்டுவருகிறது என்ற பொருளில் அம்மாக்களுக்கு ஒரு பட்டமே கொடுத்தார். அந்தக் கருத்து பல ஆண்டுகள் ஓடியது, எத்தனையோ தாய்மார் அதைச் சுமந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. காரணம் தெரியாத இடத்தில் யாரையாவது குற்றவாளியாக்குவது மனிதப் புத்தி. ஆறு வயதுக் குழந்தை என்ன செய்யும்? கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆளை, அதாவது தன்னையே, குற்றவாளியாக்கிக்கொள்ளும்.

எனக்கும் வருமா?

எல்லாரும் ராத்திரி இரண்டு மணிக்கு இணையத்தில் தேடும் கேள்வி இதுதான், அதனால் எண்களோடு சொல்கிறேன். பொதுவாக மனச்சிதைவு வாழ்நாளில் நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கு உயரும். இருவருக்குமே இருந்தால் நாற்பது வரை போகும் என்று பழைய குடும்ப ஆய்வுகள் காட்டுகின்றன. பைபோலாருக்கும் ஒரு பெற்றோர் கணக்கு பத்துக்கு அக்கம்பக்கம்தான். மனச்சோர்வு எல்லாருக்கும் சாதாரணமாக வரக்கூடியது, பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு.

பத்து மடங்கு என்று படித்தால் பயம் வரும். அதையே திருப்பிப் படியுங்கள்: நூற்றில் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. மரபணு முழுக்க ஒன்றாக இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால்கூட மற்றவருக்குப் பாதி அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் வாய்ப்பு. அப்படியென்றால் மரபணு மட்டுமே தலையெழுத்தை எழுதிவிடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு மன்ஃப்ரெட் ப்ளாய்லர் என்ற சுவிஸ் மனநல மருத்துவருடையது. மனச்சிதைவுக்கு இன்றிருக்கும் ஆங்கிலப் பெயரை வைத்த ஆய்கன் ப்ளாய்லரின் மகன். 208 நோயாளிகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் இருபது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து 1972-ல் எழுதினார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஆரோக்கியமாகத்தான் வளர்ந்திருந்தார்கள், எவ்வளவோ மோசமான குழந்தைப் பருவத்தைக் கடந்து வந்தவர்கள் உட்பட. அதற்காக அவர்களுக்கு வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை. வேலை, குடும்பம் எல்லாம் நன்றாக இருந்தும் உள்ளே ஒரு பாரம் பலரிடம் தங்கிப்போனதையும் சேர்த்தே எழுதினார். எங்கள் வாழ்க்கையை இவ்வளவு சரியாகச் சொன்ன ஆய்வு வேறு அதிகம் இல்லை.

செய்யக்கூடியவை? கஞ்சா பக்கம் போகாதீர்கள். மற்றவர்களுக்கு எப்படியோ, குடும்பத்தில் மனச்சிதைவு இருப்பவர்களுக்கு, அதுவும் பதின்ம வயதில், அது நிஜமான ஆபத்து. தூக்கத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பைபோலார் சாய்வு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதுதான் பல முறை முதல் தூண்டுதல். மனச்சிதைவு பெரும்பாலும் பதின்மத்தின் கடைசியிலிருந்து முப்பதுகளின் தொடக்கத்துக்குள் தலைகாட்டும், அதனால் நாற்பதைத் தாண்டியும் தினமும் உங்களையே சோதித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் விடலாம். ஒரு நாள் எரிச்சல், ஒரு வாரச் சோகம் இதெல்லாம் நோய் இல்லை. தொடர்ந்து வாரக்கணக்கில் தூக்கமோ நினைப்போ மாறினால் தயங்காமல் போய்க் காட்டுங்கள். குடும்பத்தில் இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பா தனக்கு நோயே இல்லை என்கிறார். மாத்திரையும் போடுவதில்லை. எப்படிப் புரியவைப்பது?

புரியவைக்கவே முடியாமல் போகலாம். இதை ஒத்துக்கொண்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோன சிலர் "என் கைக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறது" என்று மனசார நம்புவதை 1914-ல் ஜோசப் பாபின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் பதிவு செய்தார். மனச்சிதைவிலும் பைபோலாரின் உச்சத்திலும் பலருக்கு நடப்பது ஏறக்குறைய அதேதான். நோயை உணர வேண்டிய உறுப்புதான் நோய்ப்பட்டிருக்கிறது. அவர் பிடிவாதம் பிடிப்பதாக நினைத்து ஆதாரங்களை அடுக்கினால் நீங்களும் எதிரிகள் பட்டியலில் சேருவீர்கள்.

அவர் சொல்வதை மறுக்கவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "சுவருக்குள்ள மைக் வெச்சிருக்காங்க" என்று சொன்னால், "எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. ஆனா அப்படித் தோணினா எவ்வளவு பயமா இருக்கும்! ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேளுங்கள். மைக் பற்றிப் பேசினால் கதவு மூடிக்கொள்ளும், தூக்கம் பற்றிப் பேசினால் பெரும்பாலும் திறக்கும். நோய் என்று ஒத்துக்கொள்ளாத மனிதர்கூட "தூக்கத்துக்கு மட்டும்" டாக்டரைப் பார்க்க வருவார். முதல் தடவைக்கு அது போதும்.

இன்னொன்று. மாத்திரை வேண்டாம் என்பதற்குப் பின்னால் பல சமயம் நியாயமான காரணம் இருக்கும். எடை ஏறுகிறது, கை நடுங்குகிறது, நாள் முழுக்கத் தூங்கி வழிகிறது, வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயங்களும் உண்டு. "ஏன் போடல?" என்று அதட்டாமல் "போட்டா என்ன பண்ணுது?" என்று கேட்டால் அது வெளியே வரும், டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். தினமும் மாத்திரை என்பதே போராட்டமாகிவிட்டால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிகளும் இருக்கின்றன. ஆனால் திடீரென்று தானாக நிறுத்துவது மட்டும் வேண்டாம், குறிப்பாக லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் பைபோலாரின் உச்சநிலை வேகமாகத் திரும்பி வரலாம்.

சின்ன வயதிலேயே வீட்டுப் பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்தது. இப்போது பெரியவளான பிறகும் என்னால் சும்மா இருக்கவே முடியவில்லை. இது அதனாலா?

பெரும்பாலும் ஆமாம். பிள்ளையே பெற்றோர் ஆகிவிடுவதைப் பற்றிக் குடும்ப சிகிச்சையாளர்கள் 1960-களிலிருந்தே எழுதிவருகிறார்கள், சால்வடோர் மினுச்சின் அவர்களில் முக்கியமானவர். இதில் இரண்டு வகை உண்டு. சமைப்பது, துவைப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது ஒரு வகை. அம்மாவின் மனசைத் தாங்கிப் பிடிப்பது, சண்டையில் நடுவராக நிற்பது, "நீ இல்லன்னா நான் இருக்கவே மாட்டேன்" என்பதைப் பத்து வயதில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்னொரு வகை. முதலாவது களைப்பாக்கும், இரண்டாவதுதான் ஆழமாகப் போகும்.

நான் பள்ளிவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே வீட்டுச் சத்தத்தைக் கேட்பேன். இரண்டு அறைகளில் இரண்டு பாட்டு ஒரே நேரத்தில் ஓடினால் அம்மா ஏறிக்கொண்டிருக்கிறார். பகலில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தால் இறங்கிவிட்டார். தம்பியை நேராக உள்ளே அழைத்துப் போகலாமா, கொஞ்ச நேரம் வெளியே விளையாட விடலாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வேன். மதிப்பெண் அட்டையில் அம்மாவின் கையெழுத்தை நானே போட்டேன், அதில் கடைசி எழுத்தின் வாலைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார். இப்போதும் அலுவலகத்தில் யார் காலடிச் சத்தம் எப்படி இருக்கிறது என்று காது தானாகவே கணக்குப் போடுகிறது. ஒரு தோழி பதில் அனுப்ப ஒரு மணி நேரம் தாமதித்தால் நான் என்ன செய்துவிட்டேன் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறேன்.

இதில் எல்லாமே நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். நெருக்கடியில் பதறாமல் நிற்பது, சொல்லாததைப் புரிந்துகொள்வது எல்லாம் அங்கே கற்றவைதான். செய்ததை யாராவது கவனித்துப் பாராட்டி, அதற்கு ஒரு எல்லையும் வைத்திருந்தால் பிள்ளைக்கு அவ்வளவு பாதிப்பு இருக்காது. யாரும் பார்க்கவே இல்லை, கேட்கவே இல்லை என்ற வீடுகளில்தான் பழக்கம் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. சும்மா இருக்கப் பழகுவதைக் கொஞ்சமாக ஆரம்பியுங்கள்: யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், "என்னாச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றால் அதை நம்பிவிட்டு எழுந்து போய்விடுங்கள். முதலில் நெஞ்சு படபடக்கும். பிறகு பழகும். தனியாக முடியவில்லை என்றால் ஆலோசகரிடம் போகலாம், இதே சிக்கலோடு வருபவர்கள் அவர்களுக்குப் புதிதில்லை.

நல்ல நாட்களில் அவர் அவ்வளவு அன்பான அப்பா. அதுதான் குழப்பமாக இருக்கிறது.

குழப்பமாகத்தான் இருக்கும். எப்போதும் மோசமான மனிதரிடமிருந்து மனசு விலகிவிடும். நாலு மாதம் கதை சொல்லி, தோளில் தூக்கித் திரிந்துவிட்டு, ஐந்தாவது மாதம் அடையாளமே தெரியாமல் பார்ப்பவரிடமிருந்து விலகவும் முடியாது, நெருங்கவும் முடியாது. அந்த நல்ல நாட்கள் நடிப்பில்லை. நோய் விட்ட இடைவெளியில் வந்தது அவரேதான். அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நாட்களை மறைக்க அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை.

நோய்தானே காரணம், அப்புறம் கோபப்படுவது நியாயமா? மன்னிக்க வேண்டுமா?

கோபம் நியாயமா என்று யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை, அது வந்துவிட்டது. நோய் ஒரு செயலுக்கு விளக்கம் கொடுக்கும், ஆனால் அந்தச் செயலால் பட்ட அடியை அழிக்காது. அம்மா உச்சநிலையில் உங்கள் படிப்புக்கு வைத்திருந்த பணத்தைச் செலவழித்தார் என்றால் அவர் கெட்டவர் இல்லை, பணமும் இல்லை, இரண்டும் உண்மை. தெளிவான நாட்களிலும் திட்டமிட்டுக் கொடுமை செய்தவர் என்றால் அது வேறு கணக்கு. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் பிள்ளைகளை அடிப்பதோ துன்புறுத்துவதோ இல்லை. ஒருவர் அப்படிச் செய்தால் முழுப் பழியையும் நோயின் மேல் போட்டுவிட முடியாது.

மன்னிப்பைப் பற்றி என் சொந்தக் கருத்து: கேட்கப்படாத மன்னிப்பை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். சுற்றியிருப்பவர்கள் "போனது போகட்டும்" என்று சொல்வது பெரும்பாலும் அவர்களுடைய வசதிக்காக. என் அம்மா ஒரு தடவை, எந்த முன்னேற்பாடும் இல்லாமல், "உன்னை ரொம்பப் பயமுறுத்தியிருக்கேன்ல?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை, ஆனால் பல வருஷங்களாக நான் கேட்டுக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியில் வந்துவிட்டது. எல்லாருக்கும் இது கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மா சாகப் போவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு நினைக்கிறியாம்மா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்பதால் பலருக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. திட்டம் இருக்கிறது என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் ஆபத்தானவற்றையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள், அவசர உதவி எண்ணை அழையுங்கள் அல்லது நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் அந்தச் சத்தியத்தை உடையுங்கள்.

இதைப் படிக்கும் நீ இன்னும் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் உனக்குத் தனியாகச் சொல்கிறேன்: ராத்திரி முழுக்க விழித்திருந்து அம்மா மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பது உன் வேலை இல்லை. ஒரு பெரியவரிடம் சொல். அவர் நம்பவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல். டீச்சர், டாக்டர், நண்பனின் அம்மா, யாராவது ஒருவர் எழுந்து வரும்வரை சொல்லிக்கொண்டே இரு. உன்னையும் மீறி ஏதாவது நடந்துவிட்டால் அது உன் தவறு ஆகாது.

என் மனைவிக்கு நோய். குழந்தையிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். சொல்லாவிட்டால் குழந்தை தானே ஒரு விளக்கம் செய்துகொள்ளும், அது உண்மையைவிட மோசமாகவே இருக்கும். அமெரிக்காவில் வில்லியம் பியர்ட்ஸ்லீ என்ற மருத்துவர் மனச்சோர்வு உள்ள பெற்றோரின் குடும்பங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்து, குடும்பமாக உட்கார்ந்து நோயைப் பற்றிப் பேச ஒரு முறையையே உருவாக்கினார். நன்றாகத் தேறிய பிள்ளைகளிடம் அவர் கண்ட பொதுவான விஷயங்களில் ஒன்று, பெற்றோருக்கு நோய் இருக்கிறது, அதற்குத் தான் காரணமில்லை என்ற புரிதல். நார்வேயில் 2010 முதல், நோயாளிக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்களுக்கு என்ன தேவை என்று பார்ப்பதை மருத்துவப் பணியாளர்களின் சட்டக் கடமையாகவே ஆக்கிவிட்டார்கள்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு நோயின் பெயர்கூட வேண்டாம். "அம்மா மூளைக்கு உடம்பு சரியில்ல. அதனால ரொம்ப அழறாங்க. நீ எதுவும் பண்ணலை. டாக்டர் பார்த்துக்கறார். உனக்குச் சாப்பாடு நான் தருவேன், ஸ்கூலுக்கு நான் கூட்டிட்டுப் போவேன்." கடைசி வாக்கியம்தான் குழந்தைக்கு மிக முக்கியம், ஏனென்றால் அதன் நிஜக் கேள்வி "என்னை யார் பார்த்துக்குவா?" என்பதுதான். பத்து வயதில் பெயரைச் சொல்லுங்கள், பள்ளியில் யாராவது "உங்கம்மா லூசா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதையும் சேர்ந்தே யோசித்து வையுங்கள். பதின்ம வயதில் மரபு பற்றிய கேள்வி கட்டாயம் வரும், எண்களோடு சொல்லுங்கள். ஒரே தடவை உட்காரவைத்துச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. ஒவ்வொரு முறை நோய் கூடும்போதும், குறையும்போதும் திரும்பப் பேச வேண்டியிருக்கும்.

எனக்கே மனநோய் இருக்கிறது. என் பிள்ளையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேனா?

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்ததே நல்ல அறிகுறி. 2006-ல் மிர்னா வைஸ்மன் குழு அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது: மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்த தாய்மார்களில் யாருக்கு மூன்று மாதத்தில் நோய் தணிந்ததோ, அவர்களுடைய பிள்ளைகளின் பிரச்சினைகளும் குறைந்தன. அந்த ஆய்வில் சிகிச்சை கொடுத்தது தாய்மார்களுக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை. அதனால் உங்கள் மாத்திரையையும் டாக்டரிடம் போவதையும் சுயநலம் என்று நினைக்காதீர்கள். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம், முதல் வாரத்திலேயே "பிரயோஜனம் இல்லை" என்று விட்டுவிட வேண்டாம். நன்றாக இருக்கும்போதே, "நான் முடியாமல் போனால் குழந்தையை யார் பார்ப்பது, பள்ளிக்கு யார் சொல்வது" என்று ஒரு தாளில் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மீண்டும் கருத்தரிக்கத் திட்டம் இருந்தால் அதற்கு முன்பே மனநல டாக்டரைப் பாருங்கள், சில மருந்துகளை, முக்கியமாக வால்புரோயேட்டை, கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும்.

கல்யாணம் பேசும்போது இதைச் சொல்ல வேண்டுமா?

முதல் சந்திப்பில் வேண்டாம், முடிவு எடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். அவருக்கு அது தெரிய வேண்டும் என்பதைவிட, மறைத்துக்கொண்டே வாழ்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் காரணம்.

நான் வீட்டைவிட்டுத் தள்ளி வந்துவிட்டேன். துரோகம் செய்ததுபோல் இருக்கிறது.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகள் ஏன் சிலர் மட்டும் சீக்கிரம் மறுபடி நோய்ப்படுகிறார்கள் என்று 1950-களிலிருந்து பார்த்துவந்தார். குறை சொல்லிக்கொண்டே இருக்கும் வீடு, வெறுப்பைக் காட்டும் வீடு, அளவுக்கு மீறி உள்ளே புகுந்து கவலைப்படும் வீடு, இவற்றில் நோய் அதிகமாகத் திரும்பியது. 1976-ல் அதைத் தொடர்ந்த இன்னொரு ஆய்வில், அப்படிப்பட்ட வீடுகளிலேயே வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வீட்டாரின் முகம் பார்த்த நோயாளிகளுக்கு நிலைமை நன்றாக இருந்தது. அதாவது நீங்கள் களைத்துப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பதைவிட, கொஞ்சம் தள்ளி இருந்து அமைதியாகப் போனில் பேசுவது அவருக்கே நல்லதாக இருக்கலாம். எவ்வளவு தூரம், வாரத்துக்கு எத்தனை அழைப்பு, எந்த நேரத்துக்குப் பிறகு போனை அணைப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆபத்து நேரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமும் பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். குற்ற உணர்ச்சி உடனே போய்விடாது. அது இருந்துகொண்டே இருக்கட்டும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்.

என் அண்ணன் "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலையே" என்கிறான்.

அவனுக்கு வேறு வயது, வேறு அறை, சில சமயம் அம்மாவே வேறு. நோய் வரும்முன் பிறந்தவனுக்கு ஒரு அம்மா கிடைத்தார், வந்தபின் பிறந்தவளுக்கு இன்னொருவர். அவன் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ஒத்துக்கொள்ளவைக்கப் போராடாதீர்கள், என்ன ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

அப்பா உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் அவரை இழந்துவிட்டதுபோல் துக்கமாக இருக்கிறது. இது சரியா?

பாலின் பாஸ் என்ற குடும்பவியல் ஆய்வாளர் 1970-களிலிருந்து இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றித்தான் எழுதிவருகிறார்: ஆள் எதிரில் இருக்கிறார், ஆனால் நாம் அறிந்த அந்த ஆள் இல்லை. இறப்பு என்றால் நாலு பேர் வருவார்கள், அழலாம், ஒரு முடிவு இருக்கும். இதற்கு யாரும் வருவதில்லை. அவர் திரும்பி வருவாரா மாட்டாரா என்பதும் முடிவாவதில்லை, அதனால் துக்கமும் ஓய்வதில்லை. அழுவதற்கு அவர் சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நடக்காமல் போன விஷயங்களுக்காகவும் அழலாம், என் தோழி ஒருத்தி தன் பட்டமளிப்பு விழாப் படத்தில் காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் முதல்முறை அழுதாள்.

டாக்டர், நோயாளியின் ரகசியம் என்று சொல்லி என்னிடம் பேச மறுக்கிறார். நான் என்ன செய்ய முடியும்?

அவர் உங்களிடம் சொல்வதற்குத்தான் தடை, நீங்கள் சொல்வதைக் கேட்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை. ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கொடுங்கள். "ரொம்ப மோசமா நடந்துக்கறார்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. கடந்த பத்து நாளில் எத்தனை மணி நேரம் தூங்கினார், மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் இருக்கிறது, சாப்பாடு எப்படி, என்ன சொன்னார் என்பதை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதுங்கள், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். இதை நீங்கள் கொடுத்தது பெற்றோருக்குத் தெரியவரலாம், அதனால் அவர் படித்தாலும் பரவாயில்லை என்ற தொனியில் எழுதுவது நல்லது. உங்கள் போன் எண்ணைக் கீழே எழுதி, ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.